1,340 ‘விஷ இணைப்பு’களும் ஒரு மிக்ஸி மெக்கானிக்கும்: கூகுளின் லிங்க் கருவிகள் பற்றி

போன வருடம் ஆடி மாதம். தள்ளுபடியில் ஊரே புது மிக்ஸி வாங்கப் போயிருந்ததால் ரிப்பேர் கடையில் நான் ஈ ஓட்டிக்கொண்டிருந்தேன். அப்போதுதான் அந்த மின்னஞ்சல் வந்தது. உங்கள் தளத்தை நோக்கி 1,340 விஷ இணைப்புகள், அதாவது மோசமான தளங்களிலிருந்து வரும் லிங்குகள், இருக்கின்றன, உடனே சுத்தம் செய்யாவிட்டால் கூகுள் உங்களைத் தேடலிலிருந்து தூக்கிவிடும் என்று எழுதியிருந்தார்கள். கூடவே 38 பக்கத்தில் ஒரு பிடிஎஃப். முதல் பக்கத்திலேயே வோல்ட் மீட்டர் மாதிரி ஒரு படம், முள் சிவப்பில் நின்றது.

என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். கோவை கணபதியில் மிக்ஸி, கிரைண்டர் ரிப்பேர் கடை வைத்திருக்கிறேன். 2010இலிருந்து அந்த வேலையைப் பற்றியே தமிழில் வலைப்பூவும் எழுதுகிறேன். முதலில் கூகுளின் இலவசச் சேவையான பிளாக்ஸ்பாட், 2017இல் அதற்கே சொந்த டொமைன் (தள முகவரி) போட்டுக்கொண்டேன். மொத்தம் 286 பதிவுகள். அதிகம் படிக்கப்பட்டது, ‘மிக்ஸி திடீரென்று நின்றுவிட்டதா? கவிழ்த்துப் பாருங்கள்’. அடியில் ஒரு சிவப்பு பட்டன் இருக்கும். ஓவர்லோட் ஆனால் துருத்திக்கொண்டு வெளியே வரும். கொஞ்சம் ஆறவிட்டு அழுத்தினால் மறுபடி ஓடும். விஷயம் அவ்வளவுதான். அதை ஊருக்கெல்லாம் சொல்லிக்கொடுத்து வாரத்துக்கு நாலு வாடிக்கையாளரைத் துரத்திவிட்டதாக வீட்டில் இன்னும் சொல்லிக்காட்டுகிறார்கள்.

ஆர்மேச்சர் எரிந்ததா, கார்பன் பிரஷ் தேய்ந்ததா என்று மூக்கை வைத்தே சொல்வேன். ஆனால் ‘விஷ இணைப்பு’ என்றதும் எனக்கும் கை நடுங்கியது. 6,500 ரூபாயை யுபிஐயில் அனுப்பினேன். அந்த நிறுவனத்தின் பெயரைச் சொல்லப்போவதில்லை. இதே கடிதத்தை இதே மீட்டர் படத்தோடு வேறு வேறு பெயர்களில் இன்னும் மூன்று பேர் அனுப்பிவிட்டார்கள், எனவே ஒரு பெயரைச் சொல்லியும் பயனில்லை. அந்த 6,500 ரூபாய்க்கு என்ன செய்தார்கள், அதே வேலைக்கு கூகுள் இலவசமாகத் தரும் இரண்டு கருவிகள் எப்படி இருக்கின்றன என்பதுதான் இந்தப் பதிவு. ஒரு வருடம் நோண்டிப் பார்த்துவிட்டு எழுதுகிறேன்.

முதலில், யார் யார் நமக்கு லிங்க் கொடுக்கிறார்கள் என்று பதிவர் ஒருவர் ஏன் கவலைப்பட வேண்டும்? கூகுள் பிறந்த கதையிலேயே காரணம் இருக்கிறது. ஸ்டான்ஃபோர்டில் லாரி பேஜும் செர்ஜி பிரின்னும் 1996இல் செய்துகொண்டிருந்த ஆராய்ச்சித் தேடுபொறிக்குப் பெயரே ‘பேக்ரப்’. பின்னாலிருந்து வரும் இணைப்புகளை வைத்து ஒரு பக்கத்தின் மதிப்பைக் கணக்கிடுவது அதன் வேலை. அதுதான் பேஜ்ரேங்க் என்ற கூகுளின் தரவரிசைக் கணக்கு ஆனது. நம் ஊர் வழக்கப்படி சொன்னால், பஸ் ஸ்டாண்டில் இறங்கி “நல்ல மெக்கானிக் யாருங்க?” என்று கேட்டால் நாலு பேர் எந்தக் கடையைக் கைகாட்டுகிறார்களோ அது நல்ல கடை. கைகாட்டுகிற ஆள் ஊரில் பெரிய மனிதராக இருந்தால் அந்தக் கைக்கு மதிப்பு இன்னும் அதிகம்.

கைக்கு மதிப்பு வந்ததும் கை விலைக்கு வந்தது. 2011 பிப்ரவரியில் அமெரிக்காவின் பெரிய கடைத்தொடரான ஜேசிபென்னியின் குட்டு உடைந்தது. சம்பந்தமே இல்லாத ஆயிரக்கணக்கான பக்கங்களிலிருந்து அவர்கள் தளத்துக்குக் காசுக்கு இணைப்புகள் வந்திருந்ததை நியூயார்க் டைம்ஸ் எழுதியது. கூகுள் அவர்களைத் தேடலில் கீழே தள்ளியது. 2012 ஏப்ரல் 24 அன்று பென்குயின் வந்தது. செயற்கையாக இணைப்பு சேர்த்த தளங்களைக் கண்டுபிடித்துத் தண்டிக்கும் மாற்றம் அது. இப்போதும் எஸ்இஓ ஆட்கள், அதாவது தளத்தைத் தேடலில் மேலே கொண்டுவருவதாகச் சொல்பவர்கள், பயமுறுத்துவதற்கு எடுக்கிற பூச்சாண்டி அதுதான்.

அப்போது அந்தப் பயத்தில் நியாயம் இருந்தது. பென்குயினில் மாட்டிய தளம் தன் இணைப்புகளைச் சரிசெய்தாலும், கூகுள் அடுத்த முறை பென்குயினை ஓட்டும்வரை காத்திருக்க வேண்டும். 2014 அக்டோபருக்குப் பிறகு அந்த அடுத்த முறை வர 2016 செப்டம்பர் ஆனது. ஏறக்குறைய இரண்டு வருடம். ஒரு சின்னக் கடை இரண்டு வருடம் ஷட்டரை இறக்கி வைத்தால் என்ன ஆகும் என்று யோசியுங்கள்.

2016 செப்டம்பரில் ஆட்டம் மாறியது, மின்னஞ்சல்காரர்கள் சொல்லாமல் விடுகிற பகுதியும் இதுதான். அன்றிலிருந்து பென்குயின் தனியாக ஓடுவதில்லை, கூகுளின் அடிப்படைக் கணக்கிலேயே கலந்து எந்நேரமும் ஓடுகிறது. மோசமான இணைப்பைக் கண்டால் தளத்தைத் தண்டிப்பதற்குப் பதில் அந்த இணைப்பைக் கணக்கில் எடுக்காமல் விட்டுவிடுகிறது. 2022 டிசம்பரில் ஸ்பேம்பிரெயின் என்ற தங்கள் அமைப்பை வைத்து இந்த ‘கணக்கில் எடுக்காதே’ வேலையை இன்னும் விரிவாக்கினார்கள். என் விசிட்டிங் கார்டு டாஸ்மாக் வாசலில் கிடந்தது என்பதற்காக என்னைக் குடிகாரன் என்று சொல்ல முடியாதல்லவா, கிட்டத்தட்ட அந்த நியாயம்.

சரி, கருவிக்கு வருவோம்.

சர்ச் கன்சோல் என்பது தளம் வைத்திருப்பவர்களுக்கு கூகுள் தரும் இலவசச் சேவை. 2015 வரை வெப்மாஸ்டர் டூல்ஸ் என்று அழைத்தார்கள். இடதுபக்க மெனுவில் கீழே போனால் ‘லிங்க்ஸ்’ என்று ஒன்று இருக்கும். திறந்தால் வெளியிலிருந்து வரும் இணைப்புகளுக்கு மூன்று பட்டியல்கள் இருக்கும்: உங்கள் எந்தப் பக்கத்துக்கு அதிக இணைப்பு, எந்தத் தளத்திலிருந்து அதிகம், இணைப்பில் என்ன வார்த்தைகள் போட்டிருக்கிறார்கள்.

எனக்கு மொத்தம் 2,118 என்று காட்டியது. பார்த்ததும் நெஞ்சு கொஞ்சம் நிமிர்ந்தது. அக்கா மகன் கல்லூரியில் கம்ப்யூட்டர் படிக்கிறான், பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். “மாமா, இதுல பாதி ஒரே தளமுங்க” என்றான். பார்த்தால் எங்கோ ஒரு வால்பேப்பர் தளம், என் பதிவிலிருந்த மிக்ஸி ஜார் படங்களையெல்லாம் சுருட்டி, ஒவ்வொரு படத்துக்கும் ஒரு பக்கம் போட்டு, கீழே என் பெயரில் ஒரு லிங்க் வைத்திருக்கிறது. கழுவாத ஜாரை யார் வால்பேப்பராக வைத்துக்கொள்வார்கள் என்று எனக்கு இன்னும் புரியவில்லை.

அடுத்த 600 இணைப்புகள் ஈரோட்டு நண்பர் ஒருவரின் வலைப்பூவிலிருந்து. அவர் ஒரே ஒரு முறைதான் கொடுத்திருக்கிறார். ஆனால் பக்கப்பட்டையில் ‘நான் படிப்பவை’ என்று வைத்ததால் அவருடைய ஒவ்வொரு பக்கத்திலும் அது வந்து நிற்கிறது. அவருக்கு 600 பக்கம், எனவே எனக்கு 600 லிங்க். பிடிஎஃபில் இதையும் ‘இயற்கைக்கு மாறான இணைப்பு’ என்று சிவப்புக் கட்டத்தில் போட்டிருந்தார்கள். பதிவுகளை ஒரே இடத்தில் தொகுத்துக் காட்டும் திரட்டிகள் இருந்த காலத்தில் எழுதிய எல்லோரும் இப்படித்தான் ஒருவரை ஒருவர் ஓரத்தில் உட்கார வைத்துக்கொண்டோம். தமிழ்மணத்தில் பதிவை இணைத்துவிட்டு ஓட்டுப்பட்டையை நிமிடத்துக்கு ஒரு தரம் பார்த்தவர்களுக்கு நான் சொல்வது தெரியும்.

மூன்றாவது பட்டியலில் இருக்கும் வார்த்தைகளை மேய்வது எனக்குப் பிடித்த பொழுதுபோக்கு ஆகிவிட்டது. முதலிடத்தில் என் வலைப்பூவின் பெயர். அப்புறம் ‘இங்கே’, ‘இந்தப் பதிவு’, ‘சிவப்பு பட்டன்’, ‘மிக்சிக்காரர்’. கீழே போகப் போக இந்தோனேசிய மொழியில் ஏதோ ஸ்லாட் சூதாட்டம். இணைப்பில் இருக்கும் வார்த்தைக்கு ஒரு காலத்தில் எவ்வளவு பலம் இருந்தது என்பதற்கு 2003 கதை ஒன்று போதும். ‘மிசரபிள் ஃபெயிலியர்’ (படுதோல்வி) என்று கூகுளில் தேடினால் அதிபர் ஜார்ஜ் புஷ்ஷைப் பற்றிய வெள்ளை மாளிகைப் பக்கம் முதலில் வந்தது. அந்தப் பக்கத்தில் அப்படி எந்த வார்த்தையும் இல்லை. பதிவர்கள் பலர் சேர்ந்து அந்த வார்த்தைகளில் லிங்க் கொடுத்த வேலை அது. 2007 ஜனவரியில்தான் கூகுள் அதற்கு ஒரு வழி செய்தது.

குறைகள் உண்டு. ஒரு பட்டியலில் ஆயிரம் வரிக்கு மேல் காட்டாது. வரும் எல்லா இணைப்பையும் காட்டுவதும் இல்லை, ஒரு மாதிரிதான். லிங்க் நோஃபாலோவா இல்லையா என்ற விவரம் கிடையாது. நோஃபாலோ என்பது ‘நான் இவரைக் காட்டுகிறேன், ஆனால் சிபாரிசு செய்யவில்லை’ என்று தேடுபொறிக்குச் சொல்லும் குறிப்பு. பின்னூட்டங்களில் குப்பை கொட்டுவதைத் தடுக்க 2005 ஜனவரியில் வந்தது. ஆக, எந்தக் கை சிபாரிசு, எந்தக் கை சும்மா நீட்டியது என்று அறிக்கையை வைத்துத் தெரியாது. இணைப்பு நல்லதா கெட்டதா என்றும் அது சொல்வதில்லை. இதை முதலில் குறை என்று எழுதி வைத்திருந்தேன், பிறகு அடித்துவிட்டேன். விஷ அளவு 78, 85 என்று எண் போட்டுக் காட்டுவதெல்லாம் வெளிநிறுவனங்களின் கருவிகள், அவரவர் சொந்தக் கணக்கில் போட்ட எண். கூகுளின் அறிக்கையில் அப்படி ஒரு மீட்டரே கிடையாது.

அதே மெனுவில் ‘மேனுவல் ஆக்‌ஷன்ஸ்’ என்று இன்னொரு பக்கம் இருக்கிறது. கூகுளில் வேலை செய்கிற ஒரு மனிதர் உங்கள் தளத்தைப் பார்த்து, இது விதிமீறல் என்று கையால் நடவடிக்கை எடுத்திருந்தால் அங்கே எழுதியிருக்கும். எனக்குப் பச்சை டிக். சிக்கல் எதுவும் இல்லை. இந்த ஒரு பக்கத்தை முதல் நாளே திறந்து பார்த்திருந்தால் 6,500 ரூபாய் மிச்சம். வாடிக்கையாளர் மிக்ஸி ஓடவில்லை என்று வந்தால் நான் முதலில் பிளக்கைத்தான் பார்ப்பேன். எனக்கு வந்தபோது அந்தப் புத்தி வேலை செய்யவில்லை.

இனி இரண்டாவது கருவி. ஆங்கிலத்தில் ‘டிஸவாவ்’ என்பார்கள். இவர்கள் எனக்குக் கொடுக்கும் இணைப்புக்கும் எனக்கும் சம்பந்தமில்லை, கணக்கில் எடுக்காதே என்று கூகுளிடம் சொல்வது. நான் கைகழுவும் கருவி என்று வைத்துக்கொண்டேன். 2012 அக்டோபரில் வந்தது, அதாவது பென்குயின் அடித்து ஆறு மாதம் கழித்து, அடிபட்டவர்களுக்கான மருந்தாக.

சர்ச் கன்சோல் மெனுவில் தேடினால் கிடைக்காது. தனி முகவரியில் ஒளித்து வைத்திருக்கிறார்கள், அதுவும் காரணத்தோடுதான். திறந்ததும் இது கவனமாகக் கையாள வேண்டியது, தவறாகப் பயன்படுத்தினால் உங்கள் தளத்துக்கே கேடு என்ற தோரணையில் எச்சரிக்கை. எப்போது பயன்படுத்தலாம் என்றும் கூகுள் தெளிவாகச் சொல்கிறது: குப்பை இணைப்புகள் கணிசமாக இருக்க வேண்டும், அதோடு அவற்றால் மேனுவல் ஆக்‌ஷன் வந்திருக்க வேண்டும் அல்லது வரும்போல் இருக்க வேண்டும். இரண்டில் ஒன்று இருந்தால் போதாது. மற்றவர்கள் பக்கத்திலேயே வர வேண்டாம்.

பயன்படுத்தும் முறை எளிது. எளிதாக இருப்பதுதான் ஆபத்து. நோட்பேடில் ஒரு சாதாரண டெக்ஸ்ட் கோப்பு. ஒரு வரிக்கு ஒரு முகவரி. முழுத் தளத்தையும் கைகழுவ, டொமைன் என்ற சொல்லை ஆங்கிலத்தில் எழுதி முக்காற்புள்ளி வைத்துத் தளத்தின் பெயர். அதிகபட்சம் ஒரு லட்சம் வரி, 2 எம்பி. புதுக் கோப்பை ஏற்றினால் பழையது முழுக்கப் போய்விடும், சேர்ந்துகொள்ளாது. ஏற்றிய பின் கூகுள் ஒவ்வொரு பக்கமாக மறுபடி போய்ப் பார்த்து எடுத்துக்கொள்ள சில வாரங்கள் ஆகும். கைகழுவிய தளங்கள் லிங்க்ஸ் அறிக்கையில் தொடர்ந்து தெரிந்துகொண்டே இருக்கும். எனவே வேலை நடந்ததா இல்லையா என்று கண்ணால் பார்க்க வழியில்லை. கண்ணுக்குத் தெரியாத வேலைக்குக் காசு வாங்குவது எவ்வளவு வசதி என்று இந்தத் தொழிலில் இருக்கும் எனக்குத் தெரியும். ‘உள்ளே புஷ் மாத்திட்டேங்க’ என்று சொல்லி வாங்குகிற ஆட்களைப் பார்த்திருக்கிறேன்.

அந்த நிறுவனம் செய்தது இதைத்தான். கோப்பை ஏற்றுவதற்குத் தளத்தின் ஓனர் உரிமை வேண்டும் என்றார்கள், கொடுத்தேன். ஒரு வாரத்தில் ‘சுத்தம் முடிந்தது’ என்று இன்னொரு பிடிஎஃப், இந்த முறை முள் பச்சையில். நான் நிம்மதியாக இருந்தேன். புரட்டாசியில் அக்கா மகன் வந்தபோதுதான், “என்ன ஏத்தியிருக்காங்கன்னு பாத்தீங்களா மாமா?” என்று கேட்டான். கைகழுவும் கருவியிலிருந்து அந்தக் கோப்பை இறக்கினோம். 212 வரி.

சூதாட்டத் தளங்கள் கொஞ்சம் இருந்தன, வால்பேப்பர் தளமும் இருந்தது. கூகுள் எப்படியும் கண்டுகொள்ளாமல் விட்டிருக்கும். மலேசியாவில் ஒரு தமிழ் அம்மா எழுதும் சமையல் பக்கம் இருந்தது. இட்லி மாவுக்குக் கல் கொத்திய கிரைண்டர் ஏன் நல்லது என்று என் பதிவைக் காட்டி எழுதியிருப்பார். வாழ்நாளில் எனக்குக் கிடைத்த நல்ல இணைப்புகளில் அது ஒன்று. ஈரோட்டு நண்பரும் இருந்தார்.

147ஆவது வரியில் அவன் நிறுத்தினான். டொமைன், முக்காற்புள்ளி, பிளாக்ஸ்பாட் டாட் காம்.

“இதுக்கு என்னடா அர்த்தம்?”

“பிளாக்ஸ்பாட்ல முடியற எல்லா முகவரியும் போச்சுங்க மாமா.”

டொமைன் என்று போட்ட வரி துணை முகவரிகளையும் சேர்த்தே பிடிக்கும். பதினாலு வருடத்தில் பிளாக்ஸ்பாட்டில் இருந்து எனக்குக் கைகாட்டிய அத்தனை தமிழ்ப் பதிவர்களையும், இவர்கள் எனக்குச் சம்பந்தமில்லாதவர்கள் என்று நானே கூகுளிடம் எழுதிக் கொடுத்திருக்கிறேன், என் ஓனர் கையெழுத்தோடு. இருநூறு தளத்தைத் தனித்தனியாகப் பார்க்கச் சோம்பல்பட்ட யாரோ ஒருவர் ஒரே வரியில் முடித்துக்கொண்டார். அவருக்குத் தமிழ் தெரிந்திருக்காது. திறந்துகூடப் பார்த்திருக்க மாட்டார்.

அதனால் என்ன நஷ்டம் என்று கேட்பீர்கள். நேர்மையாகச் சொன்னால், இதனால்தான் என்று என்னால் அடித்துச் சொல்ல முடியாது. தினமும் 310 பேர் வந்த இடத்தில் புரட்டாசியில் 250 பேர். ஆனால் தீபாவளிக்கு முன்னால் எப்படியும் கூடும், பிறகு குறையும், இடையில் கூகுளே ஏதாவது மாற்றும். கோப்பை ரத்து செய்தோம், தை மாதம் 290க்கு வந்தது. ஒரே நேரத்தில் பெல்ட்டையும் கெபாசிட்டரையும் மாற்றிவிட்டு எது கோளாறு என்று கேட்டால் யாரும் சொல்ல முடியாது. நான் சொல்வது இவ்வளவுதான்: அந்த 6,500 ரூபாயால் ஏறவில்லை. ஓடிக்கொண்டிருந்த மோட்டாரைப் பிரித்தார்கள்.

அவர்களை ஓனர் பட்டியலிலிருந்து நீக்கினேன். இது முக்கியம், காசு போனது போகட்டும், சாவியைத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள்.

பிங் தேடுபொறியிலும் இப்படி ஒரு கைகழுவும் கருவி இருந்தது. 2023இல் மைக்ரோசாஃப்ட் அதையே எடுத்துவிட்டது. இணைப்புகளைப் பிரித்தறிய எங்கள் கணக்கே போதும், நீங்கள் சொல்லத் தேவையில்லை என்ற பொருளில். கூகுளும் ஒரு நாள் எடுத்துவிடும் என்று எனக்குத் தோன்றுகிறது. எடுத்தால் அந்த பிடிஎஃப் வியாபாரம் என்ன ஆகுமோ.

அப்படியானால் கவலையே வேண்டாமா என்றால், வேண்டும். ஆனால் நம் கை பட்ட இணைப்பைப் பற்றி. பாடல் வரிகள் தளமான ராப் ஜீனியஸ் 2013 டிசம்பரில் மாட்டியது இதில்தான். பதிவர்களே, எங்களுக்கு லிங்க் கொடுங்கள், நாங்கள் உங்கள் பதிவை ட்வீட் செய்கிறோம் என்று பேரம் பேசினார்கள். வெளியே தெரிந்ததும், கிறிஸ்துமஸ் அன்று, தங்கள் பெயரைத் தேடினாலே வராத நிலை. பத்து நாளில் திரும்பி வந்தார்கள், அதற்குள் தாங்கள் சேர்த்த இணைப்புகளைத் தேடித் தேடி எடுக்க வேண்டியிருந்தது. பெரிய நிறுவனம் என்பதால் பத்து நாள். கணபதியில் இருக்கும் நான் என்றால் எத்தனை நாளோ.

நானும் யோக்கியன் இல்லை. 2018இல் ஒருவர் 1,800 ரூபாய் தருவதாகச் சொல்லி, கிரைண்டர் பெல்ட் மாற்றும் பதிவின் நடுவில் ஒரு கடன் தளத்துக்கு லிங்க் வைக்கச் சொன்னார். வைத்தேன். ‘புது கிரைண்டர் வாங்கக் கடன் வேண்டுமா’ என்று நானே ஒரு வாக்கியம் எழுதிக் கொடுத்தேன், அதுதான் இன்னும் உறுத்துகிறது. காசு வாங்கிக் கொடுக்கும் லிங்க் என்றால் ‘ஸ்பான்சர்ட்’ அல்லது நோஃபாலோ குறிப்பு போட வேண்டும் என்பது கூகுளின் விதி; ஸ்பான்சர்ட் குறிப்பு 2019இல் வந்தது. குறிப்பு போடாதீர்கள் என்பதற்காகவே காசு கொடுக்கிறார்கள், எனவே இந்த விதி அவர்களுக்குச் சரிப்படாது. மூன்று வருடம் கழித்து எடுத்தேன். இப்போது வருவதெல்லாம் சூதாட்ட, பந்தயத் தளங்களின் கோரிக்கை. தமிழ்நாட்டில் 2023 ஏப்ரலில் வந்த ஆன்லைன் சூதாட்டத் தடைச் சட்டம் விளம்பரத்தையும் சேர்த்தே தடுக்கிறது என்பதை அவர்கள் கடிதத்தில் எழுதுவதில்லை.

நாம் வெளியே கொடுத்த இணைப்புகளை யாரும் திரும்பிப் பார்ப்பதே இல்லை. அந்த வாரம் என் பக்கப்பட்டையை ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்தேன். 23 நண்பர்கள். ஒன்பது பேர் எழுதுவதை நிறுத்திவிட்டார்கள். நாலு பேர் தளமே இல்லை. அருமையாகக் கவிதை எழுதிய ஒருவர் டொமைனைப் புதுப்பிக்காமல் விட்டிருக்கிறார், அந்தப் பெயரில் இப்போது சூதாட்டச் சக்கரம் சுற்றுகிறது. என் கடை முகப்பிலிருந்து அந்த வாசலுக்கு நான்தான் எத்தனை வருடமாகக் கைகாட்டிக்கொண்டு நின்றேனோ. விஷ இணைப்பு என்றால் அதைத்தான் சொல்ல வேண்டும். பிடிஎஃபின் 38 பக்கத்தில் அது இல்லை.

பிளாக்ஸ்பாட்டை நடத்தும் பிளாக்கரின் புள்ளிவிவரப் பக்கத்தில் ‘எந்தத் தளத்திலிருந்து வந்தார்கள்’ என்று காட்டுவதைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஏதோ ரஷ்யத் தளத்திலிருந்து 84 பேர் வந்ததாகக் காட்டினால் பூரிக்காதீர்கள், அழுத்திப் பார்க்கவும் செய்யாதீர்கள். அங்கே உங்களுக்கு லிங்க் எதுவும் இருக்காது. யார் இது என்று ஆசைப்பட்டு நீங்கள் அழுத்த வேண்டும், அவர்களுக்கு ஹிட் கிடைக்க வேண்டும், அதற்காகப் பொய்யாகப் பதிய வைப்பது. ரஷ்யாவில் யாரோ மிக்ஸி கப்ளர் மாற்றுகிறார் என்று 2012இல் நான் கடையில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

மதிப்பெண் கொடுக்க வேண்டுமென்றால், லிங்க்ஸ் அறிக்கைக்கு ஐந்துக்கு மூன்றரை. ஆறு மாதத்துக்கு ஒரு முறை அரை மணி நேரம் போதும். கைகழுவும் கருவிக்கு மதிப்பெண் இல்லை. தீயணைப்பு சிலிண்டருக்கு யார் மதிப்பெண் போடுவார்கள். பணம் வாங்கிச் சுத்தம் செய்பவர்களுக்கு என்ன மதிப்பெண் என்று மேலே படித்தவர்களுக்குத் தெரியும்.

அந்த அரை ஸ்டார் எதற்கு என்றும் சொல்லிவிடுகிறேன். 212 வரியை ரத்து செய்வதற்கு முன் அக்கா மகனும் நானும் ஒவ்வொரு தளமாகத் திறந்து பார்த்தோம், இரண்டு ஞாயிற்றுக்கிழமை. அதில் ஒன்று, யாழ்ப்பாணத்தில் தொழில்நுட்பப் பாடம் சொல்லிக்கொடுக்கும் ஓர் ஆசிரியரின் பக்கம். பிடிஎஃபில் அதற்கு விஷ அளவு 78. 2014இல் நான் எழுதிய ‘கிரைண்டர் மோட்டார் உறுமுகிறதா? கெபாசிட்டரை மாற்றுங்கள்’ பதிவுக்கு 2019இல் லிங்க் கொடுத்திருக்கிறார். அவர் கெபாசிட்டர் என்று எழுதவில்லை, ‘கொள்ளளவி’ என்று எழுதியிருக்கிறார். அதனால்தான் நான் தேடும்போதெல்லாம் அவர் கண்ணில் படவில்லை.

மாணவர்களுக்காக எழுதியது. எளிமையாக விளக்கியிருக்கிறார், படியுங்கள் என்று என்னைப் பாராட்டிவிட்டு, அடுத்த வரியில் ஒரு திருத்தம். பிளக்கைப் பிடுங்கிவிட்டால் போதும் என்று கட்டுரையாளர் எழுதியிருக்கிறார், அது போதாது, பிளக்கைப் பிடுங்கிய பின்னும் கொள்ளளவியில் மின்னேற்றம் தங்கியிருக்கலாம், அதை இறக்காமல் முனைகளில் கை வைக்கக் கூடாது.

என் பதிவைத் திறந்து பார்த்தேன். அப்படித்தான் எழுதியிருந்தேன். கடையில் நான் பிளக்கைப் பிடுங்கியதும் டெஸ்ட் பல்பின் வயரை இரண்டு முனையிலும் ஒரு தரம் வைத்து எடுப்பேன். முப்பது வருடமாகக் கை தானாகச் செய்கிற வேலை, எழுதும்போது நினைவுக்கு வரவில்லை.

அன்று இரவே அந்த வரியைச் சேர்த்தேன், மேலேயே, சிவப்பு எழுத்தில். பக்கத்தில் அவருடைய பக்கத்துக்கு ஒரு லிங்க். பத்து வருடம் அந்தப் பதிவு அது இல்லாமல் கிடந்திருக்கிறது. எண்ணிக்கை பார்த்தேன், 11,462 பேர் படித்திருக்கிறார்கள்.